டாங்கிள் தெரிகிறது, சத்தம் வரவில்லை: விண்டோஸ் கணினியில் லினக்ஸ் வானொலி மென்பொருள்களைச் சரிசெய்தல்

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 வந்தபிறகு உபுண்டு லினக்ஸை விண்டோஸுக்குள்ளேயே திறந்து, வானொலி மென்பொருள்களான குனு ரேடியோவையும் ஜிக்யூஆர்எக்ஸையும் சில நிமிடங்களில் நிறுவிவிட முடிகிறது. தொல்லை அதற்குப் பிறகுதான். நிரல் திறக்கும், வானொலி அலையைப் பிடிக்கும் யூஎஸ்பி டாங்கிளைக் காணாது. டாங்கிளைக் காணும், திறக்க அனுமதி இருக்காது. அனுமதியும் கிடைத்துவிட்டால் ஒலி திக்கித் திக்கி வரும். இந்தக் கட்டத்தில் பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவத் தொடங்குகிறார்கள். நான் பார்த்தவரை அப்படிச் செய்து பிரச்சினை தீர்ந்தது அரிது.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டையா இடிக்கிறோம்? மோட்டார், தொட்டி, வால்வு என்று வரிசையாகப் பார்க்கிறோம். இங்கேயும் வரிசை ஒன்று உண்டு: ஆன்டெனா, டாங்கிள், விண்டோஸின் யூஎஸ்பி, அங்கிருந்து லினக்ஸ் கெர்னல், டாங்கிளைப் பேசவைக்கும் நூலகம், நிரல், கடைசியாக ஒலி. எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள அறிகுறிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முந்தையவை சரியாக இருக்கின்றன என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆர்டிஎல்2832யூ சில்லும் ஆர்820டி2 ட்யூனரும் கொண்ட சாதாரண ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை வைத்தே எழுதுகிறேன். டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் கேட்கும் ஏற்பியாக அதைப் பயன்படுத்தலாம் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

உபுண்டுவே திறக்கவில்லை, 0எக்ஸ்80370102 என்ற எண் வருகிறது

கணினியின் மெய்நிகராக்க வசதி அணைக்கப்பட்டிருக்கிறது. பயாஸில் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும், அதை இயக்குங்கள். விண்டோஸ் வசதிகளின் பட்டியலில் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் என்பதற்கும் டிக் இருக்க வேண்டும்.

உபுண்டு திறந்தும் பின்னால் எதுவும் ஒத்துவரவில்லை என்றால் பவர்ஷெல்லில் ‘டபிள்யூஎஸ்எல் -எல் -வி’ கொடுங்கள். பதிப்பு என்ற பத்தியில் 1 என்று இருந்தால் அங்கே உண்மையான லினக்ஸ் கெர்னல் இல்லை. யூஎஸ்பியை அதற்குள் கொண்டுபோக வழியே கிடையாது. ‘டபிள்யூஎஸ்எல் --செட்-வெர்ஷன்’ கட்டளையால் 2-க்கு மாற்றுங்கள்.

எல்எஸ்யூஎஸ்பி கொடுத்தால் டாங்கிள் பட்டியலில் இல்லை

எல்எஸ்யூஎஸ்பி என்பது லினக்ஸுக்குத் தெரியும் யூஎஸ்பிச் சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை. மிக அதிகமாக மக்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். காரணம் எளிது: டபிள்யூஎஸ்எல் 2 ஒரு மெய்நிகர் கணினி. விண்டோஸில் செருகிய யூஎஸ்பிச் சாதனம் அதற்குள் தானாகப் போகாது. ஜாடிக் என்ற டிரைவர் நிறுவும் நிரல் மூலம் வின்யூஎஸ்பி டிரைவர் போட்டீர்களா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த டிரைவர் விண்டோஸ் நிரல்களுக்கானது.

சாதனத்தை உள்ளே அனுப்பும் வேலையை யூஎஸ்பிஐபிடி-வின் என்ற திறமூல நிரல் செய்கிறது. யூஎஸ்பிப் பரிமாற்றத்தை வலைப்பின்னல் பொட்டலங்களாக மாற்றி, 3240 என்ற டிசிபி போர்ட் வழியாக லினக்ஸுக்குக் கொடுக்கிறது. அதை விண்டோஸில் நிறுவியபின் மூன்று படிகள்.

முதல் படி, பவர்ஷெல்லில் ‘யூஎஸ்பிஐபிடி லிஸ்ட்’. ஒவ்வொரு சாதனத்துக்கும் நேரே 2-4 என்பதுபோல ஒரு பஸ் எண்ணும், ‘நாட் ஷேர்டு’ என்ற நிலையும் தெரியும். ஆர்டிஎல் டாங்கிளின் அடையாள எண் பெரும்பாலும் 2838 அல்லது 2832 என்று முடியும். பெயர் ‘பல்க்-இன், இன்டர்ஃபேஸ்’ என்று இருக்கலாம். இரண்டாவது, நிர்வாகியாகத் திறந்த பவர்ஷெல்லில் ‘யூஎஸ்பிஐபிடி பைண்ட் --பஸ்ஐடி 2-4’. நிலை ‘ஷேர்டு’ என்று மாறும். மூன்றாவது, சாதாரண பவர்ஷெல்லிலேயே ‘யூஎஸ்பிஐபிடி அட்டாச் --டபிள்யூஎஸ்எல் --பஸ்ஐடி 2-4’. இப்போது நிலை ‘அட்டாச்டு’ ஆக வேண்டும்.

இதில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

‘டபிள்யூஎஸ்எல்’ என்ற சொல்லை நடுவில் வைத்து ‘யூஎஸ்பிஐபிடி டபிள்யூஎஸ்எல் லிஸ்ட்’ என்று பழைய வழிகாட்டியைப் பார்த்து அடித்தால் பிழைதான் வரும். 4.0 பதிப்பிலிருந்து கட்டளை அமைப்பே மாறிவிட்டது. அதே பதிப்பிலிருந்து உபுண்டுவுக்குள் யூஎஸ்பிஐபி கருவிகளைத் தனியாக நிறுவும் வேலையும் ஒழிந்தது. ஆகவே ‘லினக்ஸ்-டூல்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட நிறுவல் வரிகளைக் கண்டால் தாண்டிப் போங்கள்.

பைண்ட் செய்யும்போது யூஎஸ்பிபிகேப் என்ற பெயரில் எச்சரிக்கை வந்தால், என்றோ வயர்ஷார்க்குடன் சேர்த்து நிறுவிய யூஎஸ்பி ஒட்டுக்கேட்கும் வடிகட்டி குறுக்கே நிற்கிறது என்று பொருள். அது தேவையில்லை என்றால் நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். தேவை என்றால் பைண்டுடன் ‘--ஃபோர்ஸ்’ சேர்க்கலாம். ஆனால் அதன்பின் ‘அன்பைண்ட்’ கொடுக்கும்வரை விண்டோஸ் நிரல்கள் அந்த டாங்கிளைத் தொட முடியாது.

அட்டாச் கட்டளை வெகுநேரம் காத்திருந்து தோற்றால் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். அலுவலக மடிக்கணினிகளிலும் மூன்றாம் தரப்பு வைரஸ் தடுப்பு உள்ள கணினிகளிலும் 3240 போர்ட் அடைக்கப்பட்டிருப்பது வழக்கம். உபுண்டு ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். லினக்ஸ் ஓடவில்லை என்றால் சாதனத்தை ஒட்டுவதற்கு அங்கே ஆளில்லை.

கெர்னல் என்ன சொல்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம். உபுண்டுவில் ‘டிஎம்இஎஸ்ஜி’ வெளியீட்டின் கடைசி வரிகளில் ‘விஹெச்சிஐ_ஹெச்சிடி’ என்ற பெயரும், ‘நியூ ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்’ என்ற சொற்களும் இருந்தால் டாங்கிள் உள்ளே வந்துவிட்டது. ‘ஹை-ஸ்பீட்’ இருக்கும் இடத்தில் ‘ஃபுல்-ஸ்பீட்’ என்றிருந்தால் கேபிள் அல்லது ஹப் பழுது. கணினியின் பின்புறப் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

எல்எஸ்யூஎஸ்பியில் தெரிகிறது, ஆர்டிஎல்_டெஸ்ட் கொடுத்தால் ‘யூஎஸ்பி_ஓப்பன் எரர் -3’

ஆர்டிஎல்_டெஸ்ட் என்பது டாங்கிளைச் சோதிக்கும் கட்டளை. இந்தப் பிழை அனுமதிப் பிரச்சினை. நிர்வாகி அனுமதி தரும் ‘சூடோ’ சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அப்போது வேலை செய்தால் நோய் உறுதி. ஆனால் எல்லா நிரல்களையும் சூடோவில் ஓட்டுவது தீர்வல்ல. சாளரமும் ஒலியும் உங்கள் பயனர் பெயரில் இருக்க, நிரல் மட்டும் ரூட்டாக ஓடினால் ஒரு பிழை போய் இரண்டு பிழை வரும்.

சாதாரண லினக்ஸில் யூடெவ் என்ற சேவை, டாங்கிள் செருகப்பட்டதும் விதிக் கோப்பைப் படித்து அனுமதியைத் திறந்துவிடும். டபிள்யூஎஸ்எல்லில் சிஸ்டம்டி அணைந்திருந்தால் யூடெவ் ஓடாது. விதிக் கோப்பு சரியான இடத்தில் இருந்தும் அதைப் படிக்க யாருமில்லை. ஈடிசி அடைவில் உள்ள ‘டபிள்யூஎஸ்எல்.கான்ஃப்’ கோப்பைத் திறந்து, ‘பூட்’ என்ற சதுர அடைப்புத் தலைப்பின் கீழ் ‘சிஸ்டம்டி=ட்ரூ’ என்று எழுதுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து இந்த வசதி இருக்கிறது. உங்களுடையது பழையது என்றால் முதலில் ‘டபிள்யூஎஸ்எல் --அப்டேட்’. பிறகு பவர்ஷெல்லில் ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்து உபுண்டுவை மீண்டும் திறந்து, டாங்கிளை மறுபடி அட்டாச் செய்யுங்கள். ஷட்டவுன் கொடுத்தபோதே பழைய இணைப்பு அறுந்துவிட்டது என்பதால் இந்தக் கடைசிப் படி கட்டாயம். உங்கள் பயனர் ‘பிளக்டெவ்’ குழுவில் இருக்கிறாரா என்பதை ‘ஐடி’ கட்டளை காட்டும்.

சரியானால் ஆர்டிஎல்_டெஸ்ட் எப்படிப் பேசும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: ட்யூனரின் பெயர் வரும், பிறகு 0.0 தொடங்கி 49.6 வரை 29 பெருக்க மதிப்புகள் ஒரே வரியில் வரும். அந்த வரியைக் கண்டால் டாங்கிள், யூஎஸ்பி, கெர்னல், நூலகம் நான்கும் நலம். இனி வரும் எந்தப் பிழைக்கும் அவற்றைக் குறைசொல்ல வேண்டாம்.

‘யூஎஸ்பி_கிளெய்ம்_இன்டர்ஃபேஸ் எரர் -6’

டாங்கிளை வேறொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். முன்பு ஓட்டிய ஜிக்யூஆர்எக்ஸ் சாளரம் மூடியும் பின்னணியில் உயிரோடு இருக்கலாம். ‘பிஎஸ்’ பட்டியலில் தேடி நிறுத்துங்கள். டபிள்யூஎஸ்எல்லுக்குப் பதிலாக விர்ச்சுவல்பாக்ஸில் முழு உபுண்டுவை ஓட்டுபவர்களுக்கு வேறு காரணம்: அந்தக் கெர்னல் டாங்கிளை இன்னும் தொலைக்காட்சிப் பெட்டியாகவே நினைத்து ‘டிவிபி_யூஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யூ’ என்ற டிரைவரை ஏற்றிவிடும். மோட்புரோப் அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, ‘பிளாக்லிஸ்ட்’ என்ற சொல்லுக்குப் பின் அந்த டிரைவர் பெயரை எழுதி, மறுதொடக்கம் செய்தால் போதும்.

நேற்று ஓடியது, இன்று இல்லை

பைண்ட் நிலைக்கும், அட்டாச் நிலைக்காது. கணினி உறங்கி எழுந்தாலோ, டாங்கிளைப் பிடுங்கிச் செருகினாலோ, உபுண்டுவின் கடைசி ஜன்னலை மூடியபின் டபிள்யூஎஸ்எல் தானாக அணைந்தாலோ இணைப்பு போய்விடும். அட்டாச் கட்டளையுடன் ‘--ஆட்டோ-அட்டாச்’ சேர்த்து அந்தப் பவர்ஷெல் ஜன்னலைத் திறந்தே வைத்தால் சாதனம் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். மடிக்கணினியில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்ற மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள்.

யூஎஸ்ஆர்பி பி210 என்ற பெரிய வானொலிச் சாதனம் வைத்திருப்பவர்களுக்கு ஆட்டோ-அட்டாச் வசதிக்காக அல்ல, அவசியத்துக்காக. அந்தச் சாதனம் முதல்முறை திறக்கப்படும்போது ஃபர்ம்வேரை ஏற்றிக்கொண்டு, யூஎஸ்பியிலிருந்து ஒருகணம் விலகி மறுபடி தோன்றும். அந்தக் கணத்தில் விண்டோஸ் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். லினக்ஸ் நிரலோ ‘சாதனம் காணவில்லை’ என்று நின்றுவிடும். ஃபர்ம்வேர் கோப்பையே காணோம் என்று புகார் வந்தால் ‘யூஹெச்டி_இமேஜஸ்_டவுன்லோடர்’ ஓட்டப்படவில்லை.

ஆர்டிஎல் டாங்கிள் மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த யூஎஸ்பிப் போராட்டமே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். டாங்கிளை விண்டோஸிடமே விட்டுவிடுங்கள். ஜாடிக்கில் ‘பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0’ என்பதைத் தேர்ந்து வின்யூஎஸ்பி டிரைவர் போட்டு, ‘ஆர்டிஎல்_டிசிபி’யின் விண்டோஸ் பதிப்பை ஓட்டுங்கள். அது டாங்கிளின் தரவை 1234 என்ற போர்ட்டில் வலைப்பின்னலாக வெளியிடும். ஜிக்யூஆர்எக்ஸின் சாதன வரியில் ‘ஆர்டிஎல்_டிசிபி=’ என்று எழுதி, விண்டோஸின் முகவரியும் முக்காற்புள்ளிக்குப் பின் 1234-உம் கொடுத்தால் இணைந்துவிடும். குனு ரேடியோவின் ஆஸ்மோகாம் சோர்ஸ் பிளாக்கும் ஆர்டிஎல்_433 நிரலும் இதே வழியை ஏற்கும். உறக்கமாவது, அட்டாச்சாவது, எதுவும் குறுக்கே வராது. விமானச் சிக்னல்களைப் படிக்கும் டம்ப்1090 போல டாங்கிளை நேரடியாகத் திறந்தே ஆக வேண்டிய நிரல்களுக்கு மட்டும் இது உதவாது.

இந்த வழியிலும் இரண்டு முடிச்சுகள் உண்டு. ஆர்டிஎல்_டிசிபி இயல்பாகத் தன் கணினிக்குள் மட்டுமே கேட்கும், ‘-ஏ 0.0.0.0’ என்று சேர்த்தால்தான் டபிள்யூஎஸ்எல்லிலிருந்து எட்டும். கடவுச்சொல் எதுவும் இல்லாத நிரல் அது. பொது வைஃபையில் இருக்கும்போது இப்படித் திறந்துவைக்காதீர்கள். அடுத்து, விண்டோஸின் முகவரி எது? உபுண்டுவில் ‘ஐபி ரூட்’ கொடுத்தால் ‘டிஃபால்ட் வயா’ என்பதற்குப் பின் 172 என்று தொடங்கும் எண் ஒன்று வரும், அதுதான். மறுதொடக்கத்தில் அது மாறக்கூடும். விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் வலைப்பின்னலை ‘மிரர்டு’ முறைக்கு மாற்றி 127.0.0.1 என்றே எழுதலாம். இணைப்பு கிடைத்ததும் விண்டோஸ் ஜன்னலில் ‘கிளையன்ட் அக்செப்டட்!’ என்று வரும். வரவில்லை என்றால் மறுபடியும் ஃபயர்வால்தான்.

சாளரம் திறக்கவில்லை, அல்லது கறுப்பாக நிற்கிறது

‘டிஸ்பிளே திறக்க முடியவில்லை’ என்ற பிழை வந்தால், லினக்ஸ் சாளரங்களை விண்டோஸில் காட்டும் டபிள்யூஎஸ்எல்ஜி இல்லை அல்லது பழையது. ‘டபிள்யூஎஸ்எல் --அப்டேட்’, பிறகு ஷட்டவுன். எக்ஸ்மிங் போன்ற தனிச் சர்வர் வைத்திருந்த காலத்தில் பாஷ் அமைப்புக் கோப்பில் எழுதிய ‘டிஸ்பிளே’ வரி ஒன்று அங்கேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் நீக்குங்கள். சாளரம் வந்து, சிக்னல்களை ஓடும் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் மட்டும் கறுப்பாக இருந்தால் வரைகலை முடுக்கியின் சிக்கல். ‘லிப்ஜிஎல்_ஆல்வேஸ்_சாஃப்ட்வேர்’ என்ற மாறிக்கு 1 கொடுத்து நிரலை ஓட்டுங்கள். இது மட்டும் முழுவதும் பெரிய எழுத்தில்.

வாட்டர்ஃபாலில் நிலையம் தெரிகிறது, ஒலி இல்லை

உபுண்டுவில் ‘பேக்டிஎல் இன்ஃபோ’ கொடுத்து, பல்ஸ்ஆடியோ சர்வர் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். பதில் வந்தும் குனு ரேடியோ மட்டும் ஊமையாக இருந்தால், ஒலியை வெளியே அனுப்பும் அதன் ஆடியோ சிங்க் பிளாக், ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசும் ஆல்சாவைத் தேடுகிறது; டபிள்யூஎஸ்எல்லில் ஒலி அட்டை என்று ஒன்று கிடையாது. ‘லிப்அசவுண்ட்2-பிளகின்ஸ்’ தொகுப்பை நிறுவினால் ஆல்சாவின் ஒலி பல்ஸுக்குத் திருப்பிவிடப்படும்.

ஒலி திக்குகிறது, அறுந்து அறுந்து வருகிறது

இந்த அறிகுறிக்குப் பின்னால் நாலைந்து வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. டெர்மினலில் என்ன எழுத்து விழுகிறது என்பதுதான் நாடி.

ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஓ’ வரிசையாக விழுந்தால், டாங்கிள் அனுப்பும் வேகத்துக்கு நிரல் ஈடுகொடுக்கவில்லை. சிறிய ‘ஏ’யும் பெரிய ‘யூ’வும் இணைந்து ‘ஏயூ ஏயூ’ என்று விழுந்தால் நேர்மாறு: ஒலிக்கருவி கேட்கிறது, கொடுக்கத் தரவு இல்லை. ஆர்டிஎல்_டிசிபி ஜன்னலில் ‘எல்எல்+’ என்று எண்கள் ஏறிக்கொண்டே போனால் வலைப்பின்னலின் மறுமுனை வாங்கத் தாமதிக்கிறது.

நீங்களே குனு ரேடியோவில் பாய்படம் வரைந்திருந்தால் முதலில் கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு 24 லட்சம் மாதிரிகளை எடுத்து, மொத்தம் 50-ஆல் குறைத்தால் 48,000. ஆடியோ சிங்க்குக்குப் பொருந்தும். 20 லட்சத்தை 50-ஆல் குறைத்தால் 40,000 தான் வரும். 48,000 கேட்கும் சிங்க் பட்டினி கிடந்து ‘ஏயூ’ என்று கத்தும். அதே 20 லட்சத்தை 40-ஆல் குறைத்தால் 50,000. இப்போது சிங்க்கால் விழுங்க முடியாமல் பின்னால் தேங்கி ‘ஓ’ விழும். இரண்டாவதற்கு ரேஷனல் ரீசாம்ப்ளர் பிளாக்கில் 24-உம் 25-உம் போட்டால் சரியாக 48,000 ஆகிவிடும். உண்மையான டாங்கிள் இருக்கும் படத்தில் த்ராட்டில் பிளாக் இருக்கவே கூடாது, இருந்தால் எடுத்துவிடுங்கள். வேகத்தை டாங்கிளின் படிகமே தீர்மானிக்கிறது, இன்னொரு கடிகாரம் எதற்கு?

கணக்கு சரியாக இருந்தும் ‘ஓ’ விழுந்தால் யூஎஸ்பிப் பாதையைச் சோதியுங்கள். நிரல்களையெல்லாம் மூடிவிட்டு ஆர்டிஎல்_டெஸ்ட்டைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். தொடங்கிய உடனே ஒருமுறை ‘லாஸ்ட் அட் லீஸ்ட்’ என்று சில பைட்டுகள் தொலைந்ததாகச் சொல்வது சகஜம். தொடர்ந்து சொன்னால் பாதை குறுகல். ஆர்டிஎல் டாங்கிளின் உச்சம் வினாடிக்கு 32 லட்சம் மாதிரி. ஆனால் இழப்பில்லாமல் நம்பத் தகுந்தது 24 லட்சம். எஃப்எம் கேட்க 10 லட்சத்துச் சொச்சமே தாராளம்.

விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக்கு இரண்டு பைட். 24 லட்சம் மாதிரி என்றால் வினாடிக்கு 4.8 மெகாபைட், அதாவது 38.4 மெகாபிட். மெய்நிகர் கணினியின் அமைப்பில் யூஎஸ்பி 1.1 தேர்வாகியிருந்தால் அதன் உச்சமே 12 மெகாபிட். டாங்கிள் தெரியும், நிரல் திறக்கும், நிலையம்கூடக் கேட்பதுபோல இருக்கும். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்க்கொண்டிருக்கும். யூஎஸ்பி 2.0 அல்லது 3.0 கட்டுப்படுத்தியைத் தேர்ந்தெடுங்கள். 7.0 பதிப்பிலிருந்து இதற்குத் தனி எக்ஸ்டென்ஷன் பேக் வேண்டியதில்லை.

ஹேக்ஆர்எஃப் போன்ற பெரிய சாதனங்களின் உச்ச வேகத்தை இந்த யூஎஸ்பிஐபி வழியில் எதிர்பார்க்க வேண்டாம். வினாடிக்கு 2 கோடி மாதிரி என்றால் 40 மெகாபைட். அத்தனையும் பொட்டலம் கட்டப்பட்டு மெய்நிகர் வலையைக் கடக்க வேண்டும். வேகத்தைக் குறையுங்கள், இல்லையேல் ரேடியோகோண்டா தொகுப்பை விண்டோஸிலேயே நிறுவி, குனு ரேடியோவை லினக்ஸ் இல்லாமல் ஓட்டுங்கள். அது ஒன்றும் தோல்வியில்லை.

பதிவு செய்யும்போது மட்டும் திக்கினால் கோப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். உபுண்டுவிலிருந்து ‘எம்என்டி’ அடைவு வழியாக விண்டோஸின் சி டிரைவில் எழுதுவது மிக மெதுவானது. லினக்ஸின் ஹோம் அடைவிலேயே பதிந்து, முடிந்தபின் நகர்த்துங்கள். இடத்தையும் கணக்கில் வையுங்கள்: ஆர்டிஎல்_எஸ்டிஆர் கட்டளை அதே 24 லட்சம் வேகத்தில் நிமிடத்துக்கு 288 மெகாபைட் எழுதும். ஜிக்யூஆர்எக்ஸ் ஒவ்வொரு மாதிரியையும் 8 பைட்டாக விரித்து எழுதுவதால் நிமிடத்துக்கு ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். அழித்தபிறகும் டபிள்யூஎஸ்எல்லின் மெய்நிகர் வட்டுக் கோப்பு தானாகச் சுருங்குவதில்லை. சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று ஒருநாள் விண்டோஸ் அலறும்போது இதுதான் காரணமாக இருக்கும்.

இரைச்சல் மட்டும் கேட்கிறது, அல்லது நிலையங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன

பெருக்கம் பூஜ்யத்தில் இருக்கிறதா, முறை அகல எஃப்எம்மில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அகில இந்திய வானொலியின் 101.4 ரெயின்போ நல்ல அளவுகோல். மொட்டைக் கம்பியில்கூட எழும். மத்திய அலை கேட்கவில்லை என்று கவலைப்படாதீர்கள், அது இந்த ட்யூனரின் எல்லைக்குக் கீழே இருக்கிறது. நிலையம் சில கிலோஹெர்ட்ஸ் மட்டும் தள்ளியிருந்தால் படிகத்தின் பிசகு. பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பிசகு என்ற அளவு) திருத்தத்தை மாற்றிச் சரிசெய்யலாம்.

எதுவுமே இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, டெர்மினலில் ‘பிஎல்எல் நாட் லாக்டு’ என்று வேறு வருகிறது என்றால், கையில் இருப்பது ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி4 தானா? 2023-இல் வந்த அந்த டாங்கிளில் ட்யூனர் ஆர்828டி, படிகம் 28.8 மெகாஹெர்ட்ஸ். பழைய நூலகமோ ஆர்828டி என்றால் 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. எல்லா அதிர்வெண்ணும் தப்பாகிவிடும். உபுண்டு 22.04 தரும் 0.6 பதிப்பு வி4-க்கு முன்பே வந்தது. அதை நீக்கிவிட்டு, டாங்கிள் தயாரிப்பாளர் வெளியிட்ட நூலகத்தைத் தொகுத்து நிறுவுங்கள். ‘எல்டிகான்ஃபிக்’ மறக்க வேண்டாம். பழையது ஒரு மூலையில் மிஞ்சியிருந்தால் சில நிரல்கள் அதையே பிடித்துக்கொள்ளும். ‘எல்டிடி’ கட்டளை எந்தக் கோப்பைப் பிடிக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

குனு ரேடியோவுக்கு நீங்களே தொகுத்த மாட்யூல் ஏறவில்லை

‘ஷேர்டு லைப்ரரி’யைத் திறக்க முடியவில்லை என்றால் சூடோவுடன் எல்டிகான்ஃபிக். ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்’ என்றால் மாட்யூல் ‘லோக்கல்’ அடைவுக்குப் போய்விட்டது, பைத்தான் அங்கே தேடவில்லை. ஆனால் முதலில் அந்த மாட்யூல் எந்தக் குனு ரேடியோவுக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். 3.7-க்கானது 3.10-இல் ஏறவே ஏறாது. நடுவில் பிளாக் விவரங்கள் எக்ஸ்எம்எல்லிலிருந்து யாம்லுக்கும், பைத்தான் இணைப்பு ஸ்விக்கிலிருந்து பைபைண்ட்11-க்கும் மாறிவிட்டன. ‘பேட் இன்டர்பிரெட்டர்’ என்று ஒரு கூரைக்குறியும் எம் எழுத்தும் சேர்ந்து வந்தால், ஸ்கிரிப்ட் விண்டோஸ் பாணி வரிமுடிவுகளுடன் சேமிக்கப்பட்டிருக்கிறது, ‘டாஸ்2யூனிக்ஸ்’ ஓட்டுங்கள்.

எஃப்டி8 சிக்னல் வாட்டர்ஃபாலில் தெளிவாக இருக்கிறது, ஒரு வரிகூட எழுத்தாக மாறவில்லை

கடிகாரம். அமெச்சூர் வானொலியாளர்கள் சிறு செய்திகள் அனுப்பும் டிஜிட்டல் முறையான எஃப்டி8 முழுவதும் 15 வினாடித் தவணைகளில் ஓடுகிறது. ஓரிரு வினாடி பிசகினாலே சிக்னலை எழுத்தாக மாற்றுவது நின்றுவிடும். மடிக்கணினியை மூடித் திறந்தபின் டபிள்யூஎஸ்எல்லின் நேரம் விண்டோஸின் நேரத்திலிருந்து விலகி நிற்பது உண்டு. இரண்டு ஜன்னலிலும் நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூடோவுடன் ‘ஹெச்டபிள்யூகிளாக் -எஸ்’ கொடுத்தால் ஒத்துப்போகும். செயற்கைக்கோள் வரும் நேரத்தைக் கணிக்கும் ஜிபிரெடிக்ட் தவறாகச் சொல்வதற்கும் இதே காரணம்.

எல்லாம் சரி, 137 மெகாஹெர்ட்ஸில் வானிலைச் செயற்கைக்கோளைக் காணோம்

உங்கள் கணினியில் பிழை இல்லை. வழிகாட்டிகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் அமெரிக்காவின் நோவா 18-ஐ 2025 ஜூனிலும், நோவா 15, நோவா 19 இரண்டையும் அதே ஆண்டு ஆகஸ்டிலும் நிறுத்திவிட்டார்கள். 137.62, 137.9125, 137.1 ஆகிய இடங்களில் அவற்றின் டிக்-டிக் ஒலிக்காகக் காத்திருப்பது வீண். அதே பட்டையில் ரஷ்யாவின் மீட்டியார்-எம் என்2-3, என்2-4 இரண்டும் எல்ஆர்பிடி என்ற டிஜிட்டல் முறையில் படம் அனுப்புகின்றன. நோவாவின் பழைய ஏபிடி முறைக்கான நிரல்களால் அதைப் பிரிக்க முடியாது, சாட்டம்ப் என்ற நிரலை நிறுவிக்கொள்ளுங்கள். அதற்கு விண்டோஸ் பதிப்பே இருக்கிறது.